நிணநீர்க் கணுக்களில் பரவிய கருப்பை வாய்ப் புற்றுநோயும் கதிர்வீச்சின் அளவும்

கருப்பை வாயில் தோன்றிய புற்றுநோய் நிணநீர்க் கணுக்களையும் பற்றிவிட்டது என்று தெரிந்த மாத்திரத்தில், இனி உபசாந்தியைத் தவிர வேறு வழியில்லை என்று கருதும் மனோபாவம் சாஸ்திரத்துக்குப் பொருந்தாது. சர்வதேச மகப்பேறு மகளிர் மருத்துவக் கூட்டமைப்பு 2018-இல் கட்டங்களைத் திருத்தியமைத்தபோது, இடுப்புக் கணுக்களில் உள்ள பரவலையும், பெருந்தமனியை ஒட்டிய கணுக்கள் வரை சென்ற பரவலையும் மூன்றாம் கட்டத்தின் 'சி' பிரிவிலேயே வைத்ததன்றி நான்காம் கட்டத்தில் தள்ளவில்லை.

முன்னாளைய சங்கடம் வேறு. முன்னும் பின்னுமாக அகன்ற புலங்களில் கதிரைச் செலுத்திய காலத்தில், வீங்கிய கணுவை அழிக்கும் அளவுக்குக் கொடுத்தால் குறுக்கே கிடக்கும் சிறுகுடல் புண்ணாகும்; குடலைக் காக்கக் குறைத்தால் கணு பிழைத்துக்கொள்ளும். கதிரின் செறிவை இடத்துக்கு இடம் மாற்றவல்ல இன்றைய முறை இந்தச் சிக்கலைப் பெருமளவு நீக்கிற்று. ஐரோப்பாவில் உருவான எம்ப்ரேஸ் இரண்டாம் ஆய்வின் விதிப்படி, இடுப்புப் பிரதேசத்துக்கு 25 தவணைகளில் 45 கிரே அளவு கதிர் செல்லும்போதே, அதே தவணைகளுக்குள், நோயுற்ற கணுவுக்கு மட்டும் இடுப்புக் குழிக்குள் 55 கிரேயும், அதற்கு மேலே 57.5 கிரேயும் சேர்கின்றன. எட்ட இருக்கும் கணுவுக்கு அதிகம் ஏன் என்றால், கருப்பைக்குள் கதிர்மூலத்தை வைத்துச் செய்யும் உட்கதிர்வீச்சிலிருந்து இடுப்புக் குழியின் கணுக்களுக்கு ஓரளவு கதிர் தானே வந்து சேர்கிறது. மேலே உள்ளவற்றுக்கு அந்த உதவி இல்லை. கணுவுக்கென்று தனியே பின்னர் சில நாள் கூட்டாமல் உடனுக்குடன் கொடுப்பதில்தான் இம்முறையின் விசேஷம் இருக்கிறது. ஏனெனில் சிகிச்சை முழுவதும் ஏறத்தாழ ஏழு வாரத்துக்குள் முடியாவிடில், எஞ்சிய புற்றணுக்கள் மீண்டும் பெருகத் தலைப்படும்.

ஆயினும் இயந்திரம் வந்ததனாலேயே நுட்பம் வந்துவிடாது. நோயாளி தினமும் ஒரே அளவு தண்ணீர் அருந்திப் படுத்தாலும் சிறுநீர்ப்பை ஒருநாள் போல் மறுநாள் நிறைவதில்லை. கருப்பை அதற்கேற்பச் சாய்கிறது, கணுக்களோ இடுப்பெலும்போடும் இரத்தக்குழாய்களோடும் ஏறக்குறைய நிலைத்திருக்கின்றன. ஆகவே மேஜையில் எடுக்கும் ஸ்கேனில் எலும்பைப் பொருத்தியதோடு நின்றுவிடாமல், கருப்பையும் வரைந்த எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். பெருந்தமனிக்கு முன்னே குறுக்கே செல்லும் முன்சிறுகுடலின் அருகே கணு இருந்தால், சில மில்லிமீட்டர் பிசகும் பொறுக்கப்படாது.

மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் அறுவைக்குப் பின் கதிர்ச் சிகிச்சை பெற்ற 300 பெண்களிடம் நடந்த ஆய்வில், பட வழிகாட்டுதலோடு செறிவை மாற்றிக் கொடுத்தவர்களுள் மூன்றாண்டில் குறிப்பிடத்தக்க குடற்பாதிப்பு கண்டவர்கள் 21 சதவீதம். பழைய முறையிலோ 42 சதவீதம். அவர்கள் கணு வீங்கியவர்கள் அல்லரெனினும், குடலைக் காக்க முடியும் என்பதற்கு இது வலுவான பிரமாணம்.

ஆனால் கணுவுக்குக் கூட்டும் கதிர், வாரந்தோறும் தரும் சிஸ்பிளாட்டின் என்னும் மருந்துக்கோ உட்கதிர்வீச்சுக்கோ ஈடாகாது. உட்கதிர்வீச்சு வசதியில்லாத மருத்துவமனை, வெளிக்கதிர் முடியுமுன்பே வசதியுள்ள இடத்தில் நோயாளிக்கு நாள் குறித்து அனுப்புவது கடமையாகும்.