களவுபோன தேத்தண்ணி

ஆராய்ச்சியையும் தொழில் இரகசியங்களையும் வெளிநாட்டு உளவாளிகளிடமிருந்து காப்பாற்ற வேண்டும் என்று மேற்கு நாடுகள் பேசும்போது, இன்றைக்கு விரல் பெரும்பாலும் சீனாவை நோக்கித்தான் நீளுது. 19ஆம் நூற்றாண்டில் கதை மறுபக்கமாக இருந்தது. எங்கட தேத்தண்ணிக் கோப்பைக்குள்ளேயே அந்தக் கதை இருக்கிறது.

தேயிலையைப் பதனிடும் நுட்பம் நீண்டகாலமாகச் சீனர்களின் கையில்தான் இருந்தது. 1842இன் நான்கிங் உடன்படிக்கை ஐந்து துறைமுகங்களைத் திறந்துவிட்டாலும், தேயிலை விளையும் உள்நாட்டுக்குள் வெளிநாட்டவர் போகமுடியாது. அந்தத் தடைதான் சீனாவின் வேலி. பச்சைத் தேயிலையும் கறுப்புத் தேயிலையும் வெவ்வேறு செடிகள் என்றே ஐரோப்பாவில் பலர் நம்பியிருந்தார்கள்.

1848இல் கிழக்கிந்தியக் கம்பனி ரொபர்ட் போர்ச்சூன் என்ற ஸ்கொட்லாந்துத் தாவரவியலாளரை அனுப்பியது. அவர் முன்தலையை மழித்து, பின்னல் வைத்து, சீன உடுப்புப் போட்டு, பெருஞ்சுவருக்கு அப்பால் இருந்து வந்த ஆள் என்று சொல்லி உள்ளே போனார். விதைகளும் கன்றுகளும் கண்ணாடிப் பெட்டிகளில் கப்பலேறின. இரண்டு தேயிலையும் ஒரே செடிதான், வித்தியாசம் பதனிடுவதில்தான் என்று ஐரோப்பியருக்கு எடுத்துச் சொன்னவரும் அவர்தான்.

ஆனால் செடி மட்டும் இருந்து என்ன பயன்? அசாம் காடுகளில் தேயிலை இருப்பது பிரித்தானியருக்கு 1820களிலேயே தெரியும். அவர்களிடம் இல்லாதது கைப்பக்குவம். கொழுந்தை எவ்வளவு நேரம் வாட்டுவது, எப்படி உருட்டுவது, எந்தச் சூட்டில் காயவைப்பது என்பதெல்லாம் செய்கிற ஆளுக்குத்தான் தெரியும். அதனால்தான் 1830களிலேயே அசாமுக்குச் சீனத் தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டார்கள். 1851இல் போர்ச்சூனும் கன்றுகளோடு தொழிலாளர்களையும் கருவிகளையும் சேர்த்தே இந்தியாவுக்குக் கொண்டுபோனார்.

இந்தியாவில் வேரூன்றிய அந்தத் தொழில் பிறகு இங்கேயும் வந்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். கோப்பியை இலைநோய் அழித்த பிறகு மலையகமே தேயிலையானது. அதைத் தூக்கி நிறுத்தியது தமிழ்த் தொழிலாளர்களின் கைகள்.

போர்ச்சூன் செய்ததை 'தாவர வேட்டை' என்று எழுதிவிட்டு, இன்று மற்றவர்கள் செய்வதை மட்டும் 'உளவு' என்பதை எங்களால் ஏற்க முடியவில்லை. அதுக்காக இன்றைய களவு நியாயம் என்றும் நாங்கள் சொல்லவில்லை. ஒருவரின் பல வருட உழைப்பை இன்னொருவர் ஒரே நாளில் கொண்டுபோவது எப்பவும் அநியாயம்தான். ஆனால் இரகசியத்தைக் காப்பாற்றுவது பற்றிப் பேசுபவர்கள், அந்த அறிவைக் கையில் வைத்திருந்தவர்களைப் பற்றியும் பேசவேண்டும். போர்ச்சூனின் பெயரும் டெய்லரின் பெயரும் எங்களுக்குத் தெரியும். தேயிலை செய்யக் கற்றுக்கொடுத்த சீனத் தொழிலாளர்களில் ஒருவரின் பெயராவது எங்கட பாடப்புத்தகத்தில் படித்ததாக எங்களுக்கு ஞாபகமில்லை.