மாமாவின் டயானாவும் ஒரு ஸ்பிரிங்கின் வரலாறும்

என் தாய்மாமா ஒரு சொல்தா. புதுச்சேரிக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மற்ற ஊர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து, பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை இங்கே அப்படித்தான் அழைப்போம். மாமா சில வருடம் ஜெர்மனியில் பிரெஞ்சுப் படை தங்கியிருந்த பகுதியில் இருந்தார். 1968-ல் ஊர் திரும்பியபோது அவர் டிரங்குப் பெட்டியில் துணி சுற்றிய ஒரு ஏர் ரைஃபிள் இருந்தது. டயானா 27, 4.5 மில்லிமீட்டர்.

மாலை வேளையில் தோட்டத்துச் சுவரில் பால் டின்களை அடுக்கிச் சுடுவார். குருவியைச் சுட விடமாட்டார். "டின் அழாது, அதைச் சுடு" என்பார்.

டயானா என்பது ராஸ்டாட் என்ற ஜெர்மன் ஊரில் 1890-ல் தொடங்கிய கம்பெனியின் முத்திரைப் பெயர். வில்லையும் அம்பையும் வீசி எறிந்துவிட்டு, ஏர் ரைஃபிளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்கும் ரோமானிய வேட்டைத் தெய்வம்தான் அதன் சின்னம். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ராஸ்டாட் பிரெஞ்சுக்காரர் வசம் வந்தது. கம்பெனியின் இயந்திரங்களும் டயானா என்ற பெயரும் பிரிட்டனுக்குப் போய்விட்டன. அதனால் பிற்பாடு ராஸ்டாட்டில் செய்த துப்பாக்கிகளையே இங்கிலாந்தில் 'ஒரிஜினல்' என்ற பெயரில்தான் விற்க முடிந்தது. பெயரை இழந்தவன் தன்னை அசல் என்று சொல்லிக்கொள்ள வேண்டிய நிலை!

இந்தத் துப்பாக்கிக்குள் வெடிமருந்து கிடையாது. குழலை மடக்கினால் ஒரு கனமான ஸ்பிரிங் அமுங்கும். விசையை இழுத்ததும் அது பிஸ்டனை முன்னே தள்ளும். பிஸ்டன் காற்றை நெரிக்க, அந்தக் காற்று சின்னத் துளை வழியாகப் பாய்ந்து ஈயக் குண்டைத் தள்ளும். எங்கள் பிரெஞ்சுப் பாடப் புத்தகத்தில் 'மரியோத் விதி' என்று படித்ததை ஆங்கிலப் பள்ளி நண்பர்கள் 'பாயில் விதி' என்பார்கள். யார் பெயரில் சொன்னாலும் நெரித்தால் காற்றின் அழுத்தம் ஏறும். திடீரென்று நெரித்தால் சூடும் ஏறும். சைக்கிள் பம்ப் சுடுவதைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சங்கடம் என்னவென்றால், குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்பே பிஸ்டன் ஓடத் தொடங்கிவிடுகிறது. துப்பாக்கி முதலில் பின்னால் உதைக்கும், அடுத்து முன்னால் இழுக்கும். ஸ்பிரிங் தளர்வாக இருந்தால் வீணைக் கம்பி போல அதிரவும் செய்யும். குண்டு போய்ச் சேரும் இடம் இந்த ஆட்டத்தைப் பொறுத்தது.

பர்மிங்ஹாமைச் சேர்ந்த லிங்கன் ஜெஃப்ரீஸ் 1904-ல் காப்புரிமை பெற்ற துப்பாக்கியை பிஎஸ்ஏ கம்பெனி செய்து கொடுத்தது. குழல் அசையாமல் நிற்க, அடியில் இருந்த நெம்புகோல் ஸ்பிரிங்கை அமுக்கியது. அந்தக் காலத்தில் அங்கே மதுக்கடைகளில்கூட ஏர் ரைஃபிள் போட்டி நடக்கும். இரும்புத் தகட்டின் நடுவில் உள்ள ஓட்டையில் குண்டு நுழைந்தால் பின்னால் மணி அடிக்கும். பிறகு 1960-களில் டயானாக்காரர்களே உதைப்பை ஒழிக்க இரண்டு பிஸ்டன்களை எதிரெதிராக ஓடவிட்டார்கள். இரண்டு அதிர்ச்சியும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டன. ஆனால் அது போட்டிக்காரர்களின் விலையுயர்ந்த சரக்கு.

சாதாரணத் துப்பாக்கியைப் பிரித்துச் சீராக்குவது ஒரு தனித் தொழிலாக வளர்ந்ததற்கு, இங்கிலாந்துச் சட்டமும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். அங்கே 1968-ஆம் ஆண்டுச் சட்டமும் 1969-ல் வந்த விதிகளும் ஒரு வரம்பு வைத்தன: 12 அடி-பவுண்டு, அதாவது சுமார் 16 ஜூல். அதற்கு மேல் ஆற்றல் உள்ள ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் வேண்டும். பலத்தைக் கூட்ட வழி இல்லாததால் கைத்தேர்ந்தவர்கள் அதிர்வைக் குறைப்பதில் இறங்கினார்கள். 1980-களில் இரும்பில் வெட்டிய விலங்கு உருவங்களைச் சுட்டுச் சாய்க்கும் போட்டி அங்கே பரவியதும் இந்த வேலைக்கு மவுசு கூடியது. ஸ்பிரிங்குக்குள் ஆடாமல் பொருந்தும் தண்டு, கூர்முனை தேய்த்த உருளை, அளவான கிரீஸ், சரியாகப் பொருந்தும் பிஸ்டன் வாஷர் – வேலை இவ்வளவுதான். விதிகளுக்குள் முப்பத்தைந்து வருடம் ஃபைல் பார்த்த எனக்கு இது புரிகிறது. வரம்பு வைத்த இடத்தில்தான் சிலருக்குக் கைத்திறன் வருகிறது.

இதெல்லாம் 1976-ல் எனக்குத் தெரியாது. மாமாவின் பிஸ்டன் தோல் காய்ந்து, குண்டு டின்னைத் தொட்டும் சாய்க்காமல் விழ ஆரம்பித்தது. புதிதாகச் சம்பளம் வாங்க ஆரம்பித்திருந்த நான், அவருக்கு ஓர் ஆச்சரியம் கொடுப்பதாக நினைத்து, சொல்லாமல் அதை ஒரு பட்டறைக்கு எடுத்துப் போனேன். "இன்னும் முரட்டு ஸ்பிரிங்கா போடுங்க" என்று சொன்னவன் நான்தான். தோலை யாரும் பார்க்கவில்லை. துப்பாக்கி 'டங்' என்று அலறியது, தோளில் குத்தியது, ஒரு குண்டும் டின்னில் படவில்லை. மாமா இரண்டு முறை சுட்டுப் பார்த்தார். திட்டவில்லை. "மெர்சி" என்று சொல்லிவிட்டுத் துணியில் சுற்றி வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் அதைத் தொடவே இல்லை. நான்கு வருடத்தில் போய்ச் சேர்ந்தார்.

சென்ற வருடம் வெளியூரில் இதையே தொழிலாகச் செய்யும் ஒருவரிடம் கொடுத்தேன். (நம் நாட்டில் 2016 ஆயுத விதிகளின்படி .177 அளவுக்கும் 20 ஜூலுக்கும் உட்பட்டதற்கு லைசென்ஸ் தேவையில்லை.) பிரித்துப் பார்த்தவர் சிரித்தார். "சார், ஸ்பிரிங் வளைஞ்சு உள்ளே சுவரைச் சுரண்டியிருக்கு. யாரு போட்டது?" நான் பதில் சொல்லவில்லை. அவர் மெலிந்த ஸ்பிரிங்கும் புதுத் தோலும் போட்டு, வேகம் அளக்கும் கருவியில் பத்து குண்டுகளின் வேகமும் ஏறத்தாழ ஒன்றாக வரும்வரை விடவில்லை.

அதே தோட்டத்துச் சுவரில் ஒரு பால் டின்னை வைத்துச் சுட்டேன். டின் சாய்ந்தது. தொண்ணூறைத் தொட்டுவிட்ட அத்தை தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"என்னடா, சுட்டியா இல்லியா? சத்தமே காணோம்" என்றார்.

"சுட்டேன் அத்தை."

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "அப்ப சரி. உங்க மாமா சுட்டாலும் இப்படித்தான், பக்கத்து வீட்டுக்குக் கேக்காது."