பகுதியாண்டு வசிப்பாளரின் மாநில வரிக் கணக்கு (அமெரிக்கா)

ஆண்டின் நடுவே ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குக் குடிபெயர்பவர் அமெரிக்காவில் ‘பகுதியாண்டு வசிப்பாளர்’ எனப்படுகிறார். இரண்டு மாநிலங்களும் வருமான வரி விதிப்பவை என்றால், பொதுவாக இரண்டுக்கும் தனித்தனியே கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். இதற்குக் கலிபோர்னியாவில் 540என்ஆர், நியூயார்க்கில் ஐடி-203 படிவங்கள் உண்டு. டெக்சாஸ், புளோரிடாவில் தனிநபர் வருமான வரியே இல்லை.

கலிபோர்னியாவின் முறை நுட்பமானது. ஆண்டு முழுவதும் அங்கேயே வாழ்ந்ததுபோல மொத்த வருமானத்துக்கும் வரி வீதம் கண்டு, அந்த வீதத்தை அங்கு வரிக்குரிய பகுதிக்கு மட்டும் பொருத்துகிறார்கள்.

மின்வழித் தாக்கலில் மாநிலக் கணக்கு பெரும்பாலும் கூட்டாட்சிக் கணக்குடன் சேர்ந்தே செல்லும். கூட்டல் கழித்தலை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். ஆனால் குடிபெயர்ந்த தேதியை நாம்தான் சொல்ல வேண்டும். அது பிசகினால் ஒரே சம்பளத்துக்கு இரு மாநிலங்களும் வரி கேட்கக்கூடும். டபிள்யூ-2 சம்பளச் சான்றின் 16ஆம் கட்டத்தில் மாநிலவாரிச் சம்பளம் இருக்கும். அனுப்பும் முன் அதை உங்கள் கணக்குடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.