சுக்னா ஏரிக்கு வந்த மண்ணும் வராத நீரும்

சண்டிகரின் சுக்னா ஏரியை இயற்கையாக அமைந்த ஏரி என்றே பலரும் எண்ணுகின்றனர். சிவாலிக் குன்றுகளிலிருந்து இறங்கிவரும் சுக்னா சோ என்னும் ஓடையின் குறுக்கே 1958-இல் மண்ணணை எழுப்பி உருவாக்கப்பட்ட நீர்நிலை அது. நகரை வடிவமைத்த லெ கொர்புசியேவும் தலைமைப் பொறியாளர் பி.எல். வர்மாவும் அதன் கர்த்தாக்கள். அணைக்கரையில் வாகனங்கள் ஓடலாகாது, நீரில் மோட்டார்ப் படகுகள் செல்லலாகாது என்று கொர்புசியே வற்புறுத்தினார். அவருடைய உறவினரும் சக கட்டடக் கலைஞருமான பியர் ஜான்னரேயின் அஸ்தி இந்த ஏரியில்தான் கரைக்கப்பட்டது. நகரின் திட்டத்தில் ஏரி வகித்த இடத்தை இவ்விரு செய்திகளும் உணர்த்தும். திட்டத்தில் இடம்பெறாதது ஒன்றுண்டு: ஏரிக்கு மேலே இருந்த குன்றுகள்.

பஞ்சாபியில் 'சோ' என்பது மழை பெய்யும்போது மட்டும் சீறிப் பாய்ந்து, சில மணி நேரத்தில் வற்றி, மணலை மட்டும் விட்டுச் செல்லும் ஓடையைக் குறிக்கும். தமிழில் காட்டாறு என்னும் சொல் அதற்கு மிக நெருங்கியது. ஆயினும் காட்டாறு விரைவைச் சுட்டுகிறது, சோ என்றவுடன் சிவாலிக் அடிவாரத்து விவசாயிக்கு முதலில் நினைவுக்கு வருவது மணல். வளமான நிலத்தை மணலால் மூடிவிடும் இந்த ஓடைகள் அரசின் கவலையாக மாறி நெடுங்காலமாயிற்று. 1900-இல் இயற்றப்பட்ட பஞ்சாப் நிலப் பாதுகாப்புச் சட்டத்தின் பெயரிலேயே 'சோ' என்ற சொல் இடம்பெற்றிருந்தது. ஒரு நாட்டார் வழக்குச் சொல் சட்டத் தலைப்பில் ஏறுவது அரிது. ஏறினால், அப்பொருள் அரசை எவ்வளவு தொல்லைப்படுத்தியது என்பதற்கு அதுவே சான்று. அச்சட்டம் குன்றுகளில் மேய்ச்சலையும் மரம் வெட்டுதலையும் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது. மண் அரிபடுவதற்குக் குற்றவாளி ஆடு, ஆட்டின் உரிமையாளர் உடன்குற்றவாளி என்ற பார்வை அதில் உறைந்திருந்தது. விடுதலைக்குப் பின்னும் அப்பார்வை நீங்கவில்லை.

சிவாலிக் குன்றுகள் நிலவியல் கணக்கில் இளமையானவை. இறுகாத மணற்கல், களிமண், கூழாங்கல் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான மூன்று மாதங்களில், அதிலும் சில கனமழைகளில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. புல் போர்வை கிழிந்த சரிவில் இத்தகைய மழை விழுந்தால் விளைவு என்னவாகும் என்பதை 1958-க்குப் பின் ஏரி காட்டிக்கொடுத்தது. ஏரியின் அடி மேலெழுந்தது. 1960-களில் நீர்ப்பிடிப்புப் பகுதியில் இருபத்தைந்து சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நிலத்தை அரசு கையகப்படுத்தி மரம் நட்டது. தூர் வாரும் பணிகளுக்கும் செலவிட்டது. ஆயினும் 1970-களின் நடுப்பகுதிக்குள் கொள்ளளவில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு வண்டலுக்குப் போயிற்று. பதினைந்து, பதினாறு ஆண்டுகளில் ஒரு நகரத்தின் ஏரி பாதிக்கு மேல் மண்ணாகிவிட்டது.

இக்கட்டத்தில் மத்திய மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் சண்டிகர் மையம் இதில் நுழைகிறது. மையத்தின் தலைவராயிருந்த பி.ஆர். மிஸ்ரா கேட்ட கேள்வி எளியது: இந்த மண் எங்கிருந்து வருகிறது? அதுவரை நடந்த பணிகள் அனைத்தும் மண் வந்து சேர்ந்த இடத்தில் நடந்தவை, அல்லது நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதையும் ஒரே சீரான நிலமாகக் கருதியவை. ஓடைகளின் வழியே மேலேறிச் சென்று பார்த்தபோது, வண்டலின் மிகப் பெரும்பகுதி பரப்பின் மிகச் சிறு பகுதியிலிருந்து வருவது தெரியவந்தது. சுகோமாஜ்ரி என்னும் சிற்றூரை ஒட்டிய மொட்டைக் குன்றுகள் அவற்றுள் முக்கியமானவை. இன்று வண்டல் மூலங்காணல் ஒரு தனித் துறை. ஐசோடோப்புகளையும் செயற்கைக்கோள் படங்களையும் கொண்டு செய்யப்படுகிறது. அன்று அதைச் செய்தது பெரும்பாலும் கண்ணும் காலும்தான்.

மண்ணின் ஊற்றைக் கண்டறிந்ததும் அடுத்த கேள்வி தானே எழுந்தது. சுகோமாஜ்ரி மக்கள் ஏன் அந்தக் குன்றுகளில் ஆடு மேய்த்தார்கள்? வயல்கள் மானாவாரி, மழை பொய்த்தால் விளைச்சல் இல்லை. ஆகவே கையில் ஆடு இருந்தால்தான் உயிர் பிழைக்க முடியும். நிலமற்ற குடும்பங்களுக்கு ஆடே நிலம். குன்றோ வனத்துறையினுடையது, அதைக் காப்பதால் ஊராருக்கு வருவது ஒன்றுமில்லை. மேய்ச்சலைத் தடுத்த சட்டங்கள் ஏன் முக்கால் நூற்றாண்டாகப் பயன் தரவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

1976-இல் ஊருக்கு மேலே ஒரு சிறிய மண்ணணை கட்டப்பட்டது. அதன் முதல் நோக்கம் ஓடையரிப்பைத் தடுப்பது. ஆனால் தேங்கிய நீர் கீழேயுள்ள வயல்களுக்கு வந்து, வாடிக்கொண்டிருந்த கோதுமையைக் காப்பாற்றியபோது கணக்கு மாறியது. அணை மண்ணால் நிரம்பாமல் இருக்கவேண்டுமென்றால் குன்றில் புல் இருக்கவேண்டும். புல் இருக்கவேண்டுமென்றால் ஆடு இறங்கவேண்டும். ஆடு வைத்திருந்தவர்களிலோ நிலமற்றோரும் உண்டு. நீர் நிலவுடைமையாளருக்கே போகுமாயின், நிலமற்றவர் தம் ஆட்டைக் குன்றிலிருந்து இறக்குவதற்கு என்ன காரணம்? இந்த இடத்தில் ஊர் எடுத்த முடிவு பொதுச் சொத்து ஆட்சிமுறை பற்றிய நூல்களில் திரும்பத் திரும்பப் பேசப்படுகிறது. நிலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அணை நீரில் சம பங்கு. நிலமற்றவர் தம் பங்கைப் பிறருக்கு விற்றுக்கொள்ளலாம். கைம்மாறாக அனைவரும் குன்றில் மேய்ச்சலைத் தாமே நிறுத்துவர். முள்வேலி போடப்படவில்லை. 'சமூக வேலி' என்ற தொடர் ஆய்விலக்கியத்தில் பரவியது இதன் வழியாகத்தான். வேலி என்னும் சொல்லுக்கு எல்லை, காப்பு என்று இரு பொருள் உண்டு. அத்தொடரில் முதல் பொருள் மறைந்து இரண்டாவது மட்டுமே நின்றது.

இந்த ஏற்பாட்டைக் கவனிக்க ஊரில் குன்று வள மேலாண்மைச் சங்கம் அமைந்தது. குன்றில் புல் திரும்பியது. பாபர் புல் என்னும் நார்ப்புல் கயிறுக்கும் காகித ஆலைக்கும் விலைபோனது. முன்பு அப்புல்லை ஒப்பந்தக்காரர்களுக்கு ஏலம் விட்டுவந்த வனத்துறை, சங்கத்துக்கே குத்தகைக்குக் கொடுத்தது. ஆடுகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. தொழுவத்தில் கட்டித் தீனி போடும் எருமைகள் பெருகின. இயற்கை வளத்திலிருந்து வந்த வருமானத்துக்கு வருமான வரி செலுத்திய முதல் இந்தியச் சிற்றூர் என்று சுகோமாஜ்ரி பேர்பெற்றது. அந்தப் பெருமை சங்கத்துக்கு எவ்வளவு மகிழ்ச்சியளித்தது என்பது வேறு. ஏரிக்கு வந்த வண்டல் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குறைந்ததாகப் பதிவுகள் கூறுகின்றன.

இதே காலத்தில் நாட்டளவில் வேறொரு முயற்சி நடந்தது. 1983-இல் துருவநாராயணாவும் ராம் பாபுவும் இந்தியாவின் மண்ணரிப்பை முதன்முறையாக ஒரு தேசியக் கணக்காகத் தந்தனர்: ஆண்டுக்கு 533.4 கோடி டன் மண் இடம்பெயர்கிறது. ஹெக்டேருக்குச் சராசரி 16.35 டன். அவற்றுள் ஏறத்தாழ 29 விழுக்காடு கடலுக்குப் போகிறது, 10 விழுக்காடு நீர்த்தேக்கங்களில் படிகிறது, மீதி நிலத்திலேயே இடம் மாறிக் கிடக்கிறது. நாற்பதாண்டுகள் கடந்தும் கொள்கை அறிக்கைகளின் முதல் பத்தியில் இந்த எண்களே வருகின்றன.

இத்தகைய கணக்குகளின் பின்னே நிற்பது அமெரிக்காவில் விஷ்மயரும் ஸ்மித்தும் உருவாக்கிய பொது மண்ணிழப்புச் சமன்பாடு. மழையின் அரிப்பாற்றல், மண்ணின் அரிபடு தன்மை, சரிவின் நீளம், சரிவின் செங்குத்து, பயிர்ப் போர்வை, பாதுகாப்பு முறை ஆகிய ஆறு காரணிகளைப் பெருக்கினால் ஆண்டு மண்ணிழப்பு கிடைக்கும். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வயல்-ஆண்டுகளின் அளவீடுகள் அதன் அடித்தளம். அதன் அளவுகோலாக அமைந்த வயல் 22.13 மீட்டர் நீளமும் 9 விழுக்காடு சரிவும் உடையது; பயிரின்றி உழுதுவைக்கப்பட்ட மென்சரிவு. அங்கே நடப்பது தகடு தகடாக மண் வழிவதும் விரலளவு வாய்க்கால்கள் விழுவதும். சிவாலிக்கில் நடப்பதோ கரை இடிந்து சரிவது, ஓடை ஆழமாகத் தன்னைத் தானே வெட்டிக்கொள்வது. சமன்பாடு இதை அளக்க உருவாக்கப்படவில்லை. அதை வகுத்தவர்களே அப்படிச் சொல்லியிருக்கின்றனர். ஆயினும் புவியியல் தகவல் மென்பொருளில் ஆறு அடுக்குகளைப் பெருக்கி வண்ணப்படம் எடுப்பது எளிதென்பதால், சிவாலிக் நீர்ப்பிடிப்புகளுக்கும் இச்சமன்பாடு ஓயாது பயன்படுத்தப்படுகிறது. செந்நிறத்தில் தெரியும் சரிவு உண்மையில் அரிபடும் சரிவுதானா என்பதை ஓடையில் இறங்கிப் பார்த்தவர் குறைவு. இன்னொரு குறையும் உண்டு. சரிவிலிருந்து கிளம்பும் மண் முழுவதும் ஏரியை அடைவதில்லை. நடுவழியில் எவ்வளவு தங்குகிறது என்பதை அந்தச் சமன்பாடு சொல்லாது.

சுக்னாவின் கதை இதோடு முடிந்திருந்தால் பாடநூல்களுக்கு வசதியாக இருந்திருக்கும். சுகோமாஜ்ரியின் வெற்றிக்குப் பின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் நூற்றுக்கும் மேற்பட்ட தடுப்பணைகள் கட்டப்பட்டன. மரங்கள் அடர்ந்தன, 1998-இல் அப்பகுதி வனவிலங்குச் சரணாலயமாயிற்று. மண் வருவது குறைந்தது. நீர் வருவதும் குறைந்தது. 2000-க்குப் பின் வந்த கோடைகளில் ஏரியின் தரை வெடித்துத் தெரிந்த படங்களைச் சண்டிகர் நாளிதழ்கள் வெளியிட்டன. ஆழ்குழாய்க் கிணற்று நீரை ஏரிக்குள் விடும் நிலை வந்தது. இந்தியில் 'சூக்னா' என்றால் வற்றுதல், பஞ்சாபியில் 'சுக்கணா' என்றால் நேர்த்திக்கடன். ஏரியின் பெயருக்கு ஒலியில் அருகே நிற்கும் இவ்விரு சொற்களில் முதலாவதை எடுத்துக்கொண்டு நகரவாசிகள் நகைத்தது இயல்பே.

காரணம் எது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. தடுப்பணைகள் நீரைப் பிடித்துவைக்கின்றன என்பது ஒரு வாதம். அடர்ந்த காடு மழைநீரை மண்ணுக்குள் இறக்கி, வேரால் உறிஞ்சி ஆவியாக்கிவிடுகிறது என்பது மற்றொன்று. நீர்ப்பிடிப்பின் கீழ்ப்பகுதியில், கான்சல் முதலிய ஊர்களில் எழுந்த கட்டடங்கள் ஓடைகளின் பாதையை மறித்தன என்பது மூன்றாவது. மூன்றிலும் உண்மை உண்டு என்றே தோன்றுகிறது. எதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல, அணைகள் கட்டப்படுவதற்கு முன்பிருந்தே ஓடை நீரை நாள்தோறும் அளந்த நீண்ட பதிவு வேண்டும். மண்ணுக்கு அளவீடு தொடங்கியது, மண் தொல்லையாயிருந்ததால். நீர் தானாக வரும் என்று கருதப்பட்டதால் அதற்கு அவ்வளவு அக்கறை காட்டப்படவில்லை. மண்ணையும் நீரையும் சேர்த்தே இழுத்துவருவது ஒரே வெள்ளம். வெள்ளத்தின் வேகத்தைக் குறைத்தால் இரண்டும் குறையும் என்பது நீரியலின் பாலபாடம். அதை அறியாதவர் எவரும் இத்திட்டத்தில் இருந்திருக்கமாட்டார்கள். ஆனால் அவர்கள் முன்வைக்கப்பட்ட கேள்வி வண்டலைப் பற்றியது மட்டுமே.

ஊட்டச்சத்து இக்கதையில் ஓரமாகவே வருகிறது, எனினும் விட்டுவிடலாகாது. பாஸ்பரஸ் நுண்களிமண் துகளோடு ஒட்டிப் பயணிப்பது. பருமணலைத் தடுப்பணை நிறுத்திவிடும். நுண்களிமண் கலங்கலாகத் தாண்டிவிடும். ஆகவே வண்டல் எடையில் காணும் குறைவு ஊட்டச்சத்திலும் அதே விகிதத்தில் இருக்கவேண்டுவதில்லை. ஆழம் குறைந்த நீரில் ஒளி அடிவரை எட்ட, ஏரியில் களைச்செடிகள் தழைத்தன. அவற்றை அறுத்தெடுப்பது நிர்வாகத்துக்கு ஓயாத வேலையாயிற்று.

2009-இல் பஞ்சாப் ஹரியானா உயர்நீதிமன்றம் ஏரியின் நிலையைத் தானே முன்வந்து வழக்காக எடுத்தது. வழக்கின் மையம் ஒரு கோடு: நீர்ப்பிடிப்பின் எல்லை எது? பஞ்சாப், ஹரியானா, சண்டிகர் என மூன்று நிர்வாகங்களின் நிலம் அதில் அடங்கும். இந்திய நில அளவைத் துறை 2004-இல் வரைந்த படத்தை நீதிமன்றம் ஏற்றது. அதற்குள் எழுந்த கட்டடங்கள் சட்டத்துக்குப் புறம்பானவை என்றது. 2020 மார்ச் மாதத் தீர்ப்பில் ஏரி சட்டப்படி ஓர் ஆள் என்று அறிவிக்கப்பட்டது. வீடு கட்டிக் குடியேறியவர்களுக்கு மழைநீர் பிரியும் மேடு எங்கே என்பது அதுவரை அக்கறைக்குரிய செய்தியாக இருந்திராது. நீரியலார் சமவுயரக் கோடுகளைத் தொடர்ந்து வரையும் எல்லை, ஒருவருடைய பத்திரத்தின் செல்லுபடியைத் தீர்மானிக்கும் எல்லையாக மாறியது.

சுகோமாஜ்ரியும் பழைய சுகோமாஜ்ரியாக இல்லை. புல் வருமானத்தில் பங்கு யாருக்கு எவ்வளவு என்பதில் வனத்துறைக்கும் சங்கத்துக்கும் இடையே இழுபறி நீடித்தது. அணைகளிலும் வண்டல் ஏறியது. நகரவேலைக்குப் போகத் தொடங்கிய தலைமுறைக்கு அணை நீரின் பங்கு முன்போலப் பெரிதாகத் தெரியவில்லை. நூல்களில் மட்டும் அவ்வூர் 1980-களிலேயே நிற்கிறது.

2018 செப்டம்பரில் பெய்த கனமழையில் ஏரி நிரம்பி, பல ஆண்டுகளுக்குப் பின் மதகுகள் திறக்கப்பட்டன. கரையில் கூடிய கூட்டத்தில் வயதானவர்கள் சிலரேனும் 1988-இல் தொடங்கிய சிரமதானத்தில் மண் சுமந்திருப்பர். கோடை தோறும் நகர மக்கள் மண்வெட்டியும் கூடையுமாக வற்றிய தரையில் இறங்கி வண்டலை அள்ளிய காலம் அது.