ரப்பர்க் கொட்டை ஓட்டில் பிறந்த கரி

வெயில் ஏறிய மதியத்தில் பால்மரக் காட்டுக்குள் நின்றால் படபடவென்று சத்தம் கேட்கும். காய் வெடித்துக் கொட்டை தெறிக்கும் சத்தம் அது. சிடாம் கிரி, பாடாங் செராய், பீடோங் என்று கெடாவின் எந்தத் தோட்டத்தில் வளர்ந்தவருக்கும் அந்தக் கொட்டை தெரியும். புள்ளி விழுந்த வழவழப்பான ஓடு. சிமெண்டுத் தரையில் தேய்த்துப் பக்கத்துப் பையன் கையில் வைத்தால் சுள்ளென்று சுடும். பாலுக்கு விலை உண்டு. கொட்டையோ நாற்றுக்கு எடுத்தது போக மரத்தடியிலேயே மக்கிப்போகும்.

அந்த ஓட்டைக் கரியாக்கிச் சோதித்த முடிவை 2002-இல் வெளியிட்டார்கள் ச. ரெங்கராஜும் சென்னை அண்ணா பல்கலைக்கழக வேதியியலாளர்களும். பிசின் ஆலைக் கழிவுநீரில் இருந்த பீனால் என்ற மாசை அந்தக் கரி பிடித்துக்கொண்டது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் நிபோங் திபால் வளாகத்தில் ஆய்வாளர்கள் ஹமீதும் தாவுதும் அதே ஓட்டுக்கரியைச் சாயத்தண்ணீரில் போட்டுப் பார்த்த முடிவு 2008-இல் வெளிவந்தது. ஒரு கிராம் கரி 200 மில்லிகிராமுக்கும் மேல் சாயத்தை இழுத்து வைத்துக்கொண்டது. நம் பிள்ளைகள் தேய்த்து விளையாடிய ஓட்டுக்கு இத்தனை வலு இருக்கிறது என்று படிக்கும்போது எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

அடுப்புக்கரிக்கு இந்த வேலை முழுதாக வராது. ஓட்டைக் காற்றுப் புகாமல் சுட்டுக் கரியாக்க வேண்டும். பிறகு 800, 900 டிகிரி வெப்பத்தில் நீராவியையோ கரியமில வாயுவையோ அதன்மேல் பாய்ச்ச வேண்டும். வாயு கரியை அரித்து அரித்து உள்ளே எண்ணற்ற நுண்துளைகளைத் திறந்துவிடும். இப்படிக் கிளர்வூட்டிய கரியில் ஒரு கிராமுக்குள் சுமார் 1,000 சதுர மீட்டர் பரப்பு அடங்கிக் கிடக்கும். சாயம், பூச்சிமருந்து, நாற்றம் எல்லாம் அந்தத் துளைகளின் சுவர்களில் போய் ஒட்டிக்கொள்ளும்.

கரிக்கு இந்தக் குணம் உண்டென்று 1785-இலேயே ரஷ்யாவில் மருந்தாளர் லோவிட்ஸ் கண்டுவிட்டார். பழுப்பேறிய அமிலக் கரைசல் கரி பட்டதும் தெளிந்தது. நீராவியால் துளையிடும் முறைக்கு ஆஸ்ட்ரெய்கோ என்ற வேதியியலாளர் 1900-ஐ ஒட்டிக் காப்புரிமை வாங்கினார். முதல் உலகப்போரில் நச்சுப்புகை வந்தபோது தேங்காய்ச் சிரட்டைக் கரி முகமூடிக்குள் ஏறியது. அதன்பின் 1930 வாக்கில்தான் அமெரிக்க நகரங்கள் குடிநீரின் கெட்ட வாடையைப் போக்க அதைப் பயன்படுத்தத் தொடங்கின.

இந்தக் கரி உப்பை எடுக்காது, கிருமியையும் கொல்லாது. துளைகள் நிரம்பியதும் மாற்றியாக வேண்டும். குழாயில் வடிகட்டி மாட்டியதோடு மறந்துவிடுகிறவர்கள் இதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

கெடாவில் பால்மரம் நின்ற எத்தனையோ இடங்களில் இன்று செம்பனை நிற்கிறது. செம்பனைக் கொட்டை ஓட்டுக்கரி மலேசியாவில் விற்பனைக்கே வந்துவிட்டது. ஆலையில் ஓடு தானாகவே குவிவதால் அங்கே வேலை சுலபம். ரப்பர்க் கொட்டையை ஒருவர் நிரை நிரையாய் நடந்து, குனிந்து பொறுக்க வேண்டும். அந்தக் கைக்குக் கட்டுப்படியாகும் கூலி கிடைத்தால், இந்த ஓடும் ஆய்வுக்கூடத்தை விட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு வந்து சேரும்.