அடுக்களையும் கம்பியும்

ஆலங்குளம் என்றதும் சிமெண்ட் ஆலையைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. அது விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம். இங்கே பேசப்படுவது திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்குப் போகும் சாலையில் உள்ள ஊர். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபோது நெல்லையிலிருந்து பிரிந்து வந்தது. பீடித் தொழில் வேரூன்றிய வட்டாரம். பீடி சுற்றும் பெண்கள் ஒரு வீட்டுத் தார்சாவில் கூடி அமர்வது பழைய வழக்கம். கைக்கு இலையும் தூளும், காதுக்கு வானொலி. 1963 டிசம்பரில் திருநெல்வேலி வானொலி நிலையம் தொடங்கியது. இலங்கை வானொலியோ கடல் தாண்டி வந்துகொண்டிருந்தது. பெட்டி ஒரு வீட்டுக்காரருடையது, பாட்டு வளவு முழுமைக்கும் உரியது. பங்கு, உரிமை, அனுமதி என்ற பேச்சு எழவே இல்லை.

இன்று எங்கள் குடும்பத்தில் இதே காரியம் ஒரு சிக்கலாக உருவெடுத்திருக்கிறது. கோயில் கொடைகளில் பதிவான வில்லுப்பாட்டு ஒலிநாடாக்களையும் பழைய திருமண வீடியோக்களையும் எண்வடிவாக்கி, வன்தட்டு பொருத்திய சிறு கணிப்பொறி ஒன்றில் ஏற்றி வைத்திருக்கிறோம். இளைஞர்கள் அதை மீடியா சர்வர் என்கிறார்கள். அது இருப்பது ஆலங்குளத்தில் அண்ணன் வீட்டில். நான் இருப்பது நெல்லையில். இரண்டு வீட்டிலும் இணைய இணைப்பு உண்டு. ஆயினும் அங்குள்ள பாட்டு இங்குள்ள தொலைக்காட்சிக்குத் தானாக வருவதில்லை. இதைக் கணிப்பொறிக் காலத்துப் புதுத் தொல்லை என்று நினைப்பது இயல்பு. ஆனால் ஓரிடத்துக் கலையைக் கம்பி வழியே பல வீடுகளுக்குப் பகிர்வதற்கு நூற்றைம்பது ஆண்டுக்குச் சற்றே குறைவான வரலாறு இருக்கிறது. அவ்வரலாற்றில் திரும்பத் திரும்ப எழும் கேள்வி ஒன்றே: ஒரு வீடு எங்கே முடிகிறது?

1881இல் பாரிசில் நடந்த மின்சாரக் கண்காட்சியில் கிளெமான் அதேர் என்பவர் ஓபரா அரங்கின் மேடையில் ஒலிவாங்கிகளைப் பொருத்தி, தொலைபேசிக் கம்பி வழியே பாட்டைத் தொலைவிலிருந்தவர்கள் காதில் சேர்த்தார். 1890இல் இது ‘தியாத்ரோஃபோன்’ என்னும் கட்டணச் சேவையானது. நாவலாசிரியர் மார்செல் புரூஸ்த் 1911இல் இதற்குச் சந்தா கட்டினார் என்பது இலக்கிய வாசகர்களுக்குச் சுவையான செய்தி. நோயால் அறைக்குள் முடங்கிய அவர் ஓபராவைப் படுக்கையிலேயே கேட்டார். புடாபெஸ்டில் 1893இல் தொடங்கிய ‘தெலெஃபோன் ஹீர்மொண்டோ’ செய்தியையும் இசையையும் வீடுகளுக்குக் கம்பியில் அனுப்பியது. வானொலி ஒலிபரப்பு பிறக்குமுன்பே பல வீடுகள் ஒரே ஊற்றில் மொண்டு குடித்துவிட்டன.

காட்சி வந்தபோது மலை குறுக்கிட்டது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1948 வாக்கில், மலை மறைத்த பள்ளத்தாக்கு ஊர்களில் உச்சியில் ஓர் ஆன்டெனா நட்டு, கீழே வீடுகளுக்குக் கம்பி இழுத்தார்கள். கேபிள் தொலைக்காட்சியின் தொடக்கங்களில் இதுவும் ஒன்று. நமக்குத் தடை மலையன்று, தொலைவு. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்டில் தொடங்கியபோது அதன் அலை நெல்லைச் சீமையை எட்டவில்லை. 1982இல் இலங்கையின் ரூபவாஹினி வந்ததும் தென்தமிழ்நாட்டுக் கரையோரங்களில் உயர்ந்த கம்பங்கள் இலங்கையை நோக்கி நிமிர்ந்தன. கொடைக்கானல் கோபுரம் வரும்வரை நம்மில் பலருக்கு முதல் தொலைக்காட்சி அயல்நாட்டுத் தொலைக்காட்சியே. இதைத் தமிழ்ப் பண்பாட்டு வரலாறு எழுதுவோர் இன்னும் உரிய அளவில் கவனிக்கவில்லை என்பது என் எண்ணம்.

இடையில் ‘டெக்’ வந்தது. தெருவார் காசு சேர்த்து, டி.வி.யும் டெக்கும் ஓரிரவு வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூன்று படம் பார்த்தார்கள். அந்நாளைய கொடை விழாக்களிலும் பூப்புனித நீராட்டு வீடுகளிலும் அது ஒரு சடங்கைப் போல் நிலைத்தது. பெட்டி வீடுவீடாக நடந்த காலம் அது. அடுத்து வந்தவர் பெட்டியை ஓரிடத்தில் நிறுத்திக் கம்பியை நடக்க விட்டார்.

1980களின் நடுவில் மும்பை அடுக்கக வீடுகளில் தொடங்கிய இம்முறை சில ஆண்டுகளில் நம் ஊர்களுக்கும் வந்தது. ஓர் அறையில் ஒரு டெக். அதிலிருந்து கிளம்பும் கறுப்புக் கம்பி கம்பத்துக்குக் கம்பம் தாவி வீடுகளுக்குள் நுழையும். கம்பியில் ஓட ஓட அலை வலுவிழக்கும் ஆதலால் இடையிடையே பூஸ்டர் வேண்டும். பூஸ்டர் இருக்கும் தெருவில் மின்சாரம் போனால், மின்சாரம் இருக்கும் அடுத்த தெருவிலும் படம் போய்விடும். 1991 வளைகுடாப் போர், அதே ஆண்டு ஸ்டார் டி.வி., 1993 ஏப்ரல் 14இல் சன் டி.வி. என்று வானத்திலிருந்து சரக்கு வரத் தொடங்கிய பின்னும், கேபிள்காரர் இரவில் போடும் படத்துக்கென்று ஒரு கூட்டம் காத்திருந்தது. வேண்டிய படத்தைச் சொல்லியனுப்பினால் போடும் கேபிள்காரர்களும் இருந்தார்கள். இன்றைய மீடியா சர்வருக்கு அவரே மூதாதை. அரசு கேபிள் நிறுவனம் 2007இல் உருவாகி, 2011இல் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புக் கொடுத்தது பிற்கதை.

படத்தின் உரிமையாளர்கள் சும்மா இருப்பார்களா? கார்வேர் நிறுவனம் டெலிலிங்க் என்னும் கேபிள் நிறுவனத்தின்மீது தொடுத்த வழக்கில் பம்பாய் உயர்நீதிமன்றம் 1989இல் தீர்ப்பளித்தது. பார்ப்பவர்கள் அவரவர் வீட்டுக்குள் அமர்ந்துதானே பார்க்கிறார்கள், இது எப்படிப் பொதுக்காட்சியாகும் என்பதே சிக்கலின் மையம். நீதிமன்றம் பார்வையாளர்களின் தன்மையைப் பார்த்தது. காசு கட்டி இணைப்புப் பெற்றவர்கள் கேபிள்காரரின் குடும்பத்தினர் அல்லர்; ஆகவே அவர்கள் பொதுமக்கள்; அவர்களுக்குப் படத்தை அனுப்புவது உரிமை மீறல் என்றது. இத்தீர்ப்பில் எனக்குப் பிடித்தது, அது உறவைக் கேட்டது என்பதே.

1994இல் காட்சி மாறியது. அவ்வாண்டு பதிப்புரிமைச் சட்டத்துக்குச் செய்யப்பட்ட திருத்தம் ஒரு விளக்கத்தைச் சேர்த்தது. செயற்கைக்கோள், கேபிள், அல்லது ஒரே நேரத்தில் அனுப்பும் வேறெந்த வழியிலும் ஒன்றுக்கு மேற்பட்ட வீட்டுக்கு ஒரு படைப்பைக் கொண்டு சேர்த்தால் அது பொதுமக்களுக்குச் சேர்த்ததாகவே கொள்ளப்படும் என்பது அதன் சாரம். விடுதி அறைகளும் இதில் அடக்கம். 2012 திருத்தத்துக்குப் பின்னும் இவ்விளக்கம் நீடிக்கிறது. 1989 உறவைக் கேட்டது, 1994 வீடுகளை எண்ணியது. அண்ணன் வீடு ஒன்று, தம்பி வீடு ஒன்று, ஆகமொத்தம் ‘ஒன்றுக்கு மேற்பட்டவை’. சகோதரர்களை மனத்தில் வைத்து எழுதிய சட்டமல்ல என்பது உண்மைதான். வணிகக் கேபிளை நோக்கி எழுதியது. ஆயினும் எழுத்து எழுத்துத்தானே. கடையில் வாங்கிய திரைப்படத்தை இரு வீட்டுக்கும் ஒரே நேரத்தில் ஓடவிடுவது குறித்து வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும். அதே திருத்தம் நிகழ்த்துகலைஞருக்கும் தனியுரிமை தந்தது. கொடையில் பாடிய வில்லுப்பாட்டுப் புலவரை, ஒலிநாடாவைக் கையில் வைத்திருப்பவர் மறந்துவிடக் கூடாது.

வீடு என்பதை நாம் எதைக்கொண்டு எண்ணுகிறோம்? அடுக்களையைக் கொண்டு. ஒரே கூரையின்கீழ் இருந்தாலும் மருமகள் தனி உலை வைத்துவிட்டால் அது தனிக் குடும்பம். குடும்ப அட்டை கேட்டுப் போனாலும் தனிச் சமையலறை உண்டா என்றே பார்க்கிறார்கள். இணையப் பொறியாளர்கள் கண்ட அடுக்களை ரவுட்டர் எனும் சிறு பெட்டி. இதன் பிறப்பிலும் 1994 குறுக்கிடுகிறது. அன்றைய இணைய முகவரிகள் மொத்தம் சுமார் 429 கோடிதான். அவை தீர்ந்துபோகும் என்ற அச்சத்தில், ஒரே வெளிமுகவரிக்குப் பின்னால் பல கருவிகளை ஒளித்துவைக்கும் முறையை அவ்வாண்டு மே மாதம் ஓர் ஆவணம் முன்வைத்தது. 1996இல் உள்முகவரிகளுக்கென்று சில எண் தொகுதிகள் உறுதியாயின. அதனால்தான் உலகெங்கும் கோடிக்கணக்கான வீடுகளில் கருவிகள் 192.168 என்றே தொடங்கும் எண்களைத் தாங்குகின்றன. நம் கிராமங்களில் ‘மேல வீடு’, ‘கீழ வீடு’ என்பதைப் போல. ஊருக்குள் அது போதும். அடுத்த ஊரில் போய் மேல வீட்டுக்கு வழி கேட்டால் அந்த ஊர் மேல வீட்டைக் காட்டுவார்கள்.

எங்களுக்கு நேர்ந்ததும் இதுவே. பெட்டி இங்கே இருக்கிறது என்று அண்ணன் வீட்டுச் சர்வர் எழுப்பும் குரல் அந்த ரவுட்டரின் வாசலோடு நின்றுவிடும். இரு வீடுகளையும் ‘வி.பி.என்.’ எனப்படும் மறைகுழாயால் இணைத்தால், இரண்டிலும் ஒரே எண்வரிசை இருப்பதால் மேல வீட்டுக் குழப்பம். போதாக்குறைக்கு, 2012இல் ஒதுக்கப்பட்ட இன்னோர் எண் தொகுதியைக் கொண்டு இணைய நிறுவனங்களே பல வீடுகளை ஒரே வெளிமுகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. வெளியிலிருந்து கதவைத் தட்டுவதற்குக் கதவே இராது. தீர்வு, உள்ளிருந்து வெளியே நீளும் குழாய். இரண்டு வீட்டுப் பெட்டிகளும் பொதுவான ஓரிடத்துக்குப் போய் அங்கே கைகுலுக்க வேண்டும். ஒரு வீட்டின் எண்வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும். சர்வரில் ஓடும் நிரல், 2018இல் கிளைத்த ‘ஜெல்லிஃபின்’ போன்ற கட்டற்ற மென்பொருளாக இருந்தால் யாருக்கும் சந்தா இல்லை.

கறுப்புக் கம்பிக் காலத்தில் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கக்கூடிய வேலை இது. கல்லூரி மாணவர் ஒருவர் இரண்டு மாலைப்பொழுதுகள் செலவிட்டுச் செய்து கொடுத்தார். நான் அவருக்குத் தேநீர் மட்டும் கொடுத்தேன்.

பூர்வீகச் சொத்தைப் பிரிக்கும்போது நிலத்தை அளந்து பங்கிட்டாலும் கிணற்றை வெட்டிப் பிரிக்க முடியாது. அதனால் எங்கள் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கிணறும் மோட்டாரும் பொது, தண்ணீர் முறை வைத்து இறைத்துக்கொள்வது என்று எழுதியிருக்கிறது. வில்லுப்பாட்டு நாடாக்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை; எழுதிய நாளில் அவை பழைய சாமான் பெட்டிக்குள் கிடந்தன. மூல நாடாக்களில் பாதி பூஞ்சை பிடித்து ஓடாமற் போய்விட்டன. அக்குரல்கள் இப்போது அண்ணன் வீட்டு வன்தட்டில் மட்டுமே இருக்கின்றன. இடி மின்னலுக்கு அது தப்பும்வரைதான் குழாய்க்கும் பொருள். ஆகவே அடுத்த விடுமுறைக்கு ஆலங்குளம் போகும்போது ஒரு காலி வன்தட்டையும் எடுத்துப் போகிறேன். பேருந்தில், மடியில் வைத்து.