இரண்டாவது நாய்

தமிழில் வேட்டைநாய் என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் நாம் பல நாய்களை அடைத்து விடுகிறோம். சங்கப் பாடல்களில் வரும் ஞமலி துரத்தும், பிடிக்கும். துப்பாக்கி வந்த பின்னர் ஐரோப்பாவில் உருவான நாய்க்கோ துரத்துவதும் பிடிப்பதும் குற்றம். பறவை பதுங்கியிருக்கும் இடத்தைக் காட்டுவது, ஏவியபோது அதைக் கலைத்து எழுப்புவது, சுடப்பட்டு விழுந்ததைப் பல் படாமல் எடுத்து வந்து கையில் சேர்ப்பது ஆகியவையே அதன் தொழில். அத்தகைய நாய் ஒன்றை வைத்திருப்பவர் இரண்டாவதாக இன்னொன்று வாங்கலாமா என்பது பிரிட்டனின் வேட்டைக்காரர்களிடையே ஓயாமல் எழும் கேள்வி. கேட்பதற்கு வீட்டுக் கணக்குப் போலத் தோன்றும் இக்கேள்விக்குப் பின்னால் முந்நூற்றைம்பது ஆண்டு வரலாறு இருக்கிறது. அதைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

முதலில், ஒரு நாயேனும் வைத்துக்கொள்ள யாருக்கு உரிமை இருந்தது? 1671ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டம், இங்கிலாந்தில் ஆண்டுக்கு நூறு பவுண்டு வருமானம் தரும் சொந்த நிலம் முதலிய தகுதிகள் உடையவர்க்கே வேட்டையாடும் உரிமை என்று வரையறுத்தது. தகுதியற்றவன் துப்பாக்கியோ வலையோ வேட்டைநாயோ வைத்திருந்தால், பண்ணையின் வேட்டைக்காவலர் அவற்றைப் பறிமுதல் செய்யலாம். மாவட்டத் தொகுதியில் வாக்களிக்க நாற்பது ஷில்லிங் வருமானமுள்ள நிலம் போதும் என்றிருந்த காலம் அது. நாடாளுமன்றத்துக்கு ஆள் அனுப்பத் தேவையானதைப் போல் ஐம்பது மடங்கு சொத்து ஒரு கவுதாரியைக் கொல்லத் தேவைப்படுகிறதே என்று சட்ட அறிஞர் பிளாக்ஸ்டன் பிற்காலத்தில் சுட்டிக்காட்டினார். இந்தச் சொத்துத் தகுதி 1831இல்தான் நீக்கப்பட்டது. அதன் பிறகும் உரிமச் சீட்டுக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது.

இடையில் 1796இல் நாய்வரி வந்தது. சாதாரண நாய் ஒன்றை மட்டும் வைத்திருப்பவருக்கு மூன்று ஷில்லிங். வேட்டை இனத்து நாயாக இருந்தால், அல்லது எந்த இனமாயினும் ஒன்றுக்கு மேல் இருந்தால், நாய் ஒன்றுக்கு ஐந்து ஷில்லிங். ஏழையின் குடிசை வாசலில் கிடக்கும் ஒற்றை நாய்க்கு விலக்கு உண்டு. அதுவும் வேட்டை இனமாக இல்லாதவரை. ஒரு நாய் மனிதனுக்குத் துணை, இரண்டாவது நாய் ஆடம்பரம் அல்லது திருட்டு வேட்டைக்கான கருவி என்பதே அரசின் பார்வை. இரண்டாவது நாய் ஏன் என்னும் கேள்வியை முதன்முதலில் உரக்கக் கேட்டது வரி வசூலிப்பவன்தான் போலும்!

ஆனால், தகுதியுடைய கனவானுக்கு இரண்டாவது நாய் ஆடம்பரமாகத் தோன்றவில்லை. அவன் கையாண்ட முறையே இரண்டு நாய்களை வேண்டியது. பாயிண்டர், செட்டர் ஆகிய இனங்கள் இணையாகவே களத்தில் இறக்கப்பட்டன. காற்றுக்கு எதிராக ஒன்று இடப்புறமும் மற்றது வலப்புறமும் குறுக்கும் நெடுக்குமாக ஓடி மோப்பம் பிடிக்கும். ஒன்று பறவையின் வாடையை அறிந்து சிலையாக நின்றுவிட்டால், தனக்கு எந்த வாடையும் எட்டாத மற்ற நாயும் தோழனைக் கண்ட மாத்திரத்தில் அப்படியே நின்றுவிட வேண்டும். தான் காணாததைத் தோழன் கண்டான் என்று நம்பி நிற்கும் இந்த மரியாதையை ஒற்றை நாய்க்குக் கற்பிக்க இயலாது. வெடி வெடித்ததும் இரண்டும் தரையோடு படுத்துக்கொள்ளும். குழல்வாய் வழியே மருந்தும் குண்டும் இட்டு இடித்து முடிக்கும் வரை அவை அசையக் கூடாது. 1865இல் பெட்ஃபோர்ட்ஷயரின் சவுத்ஹில் பண்ணையில் நடைபெற்ற முதல் களப்போட்டி, பாயிண்டர்களுக்கும் செட்டர்களுக்குமாகவே நடத்தப்பட்டது.

இன்னொரு காரணமும் இருந்தது, அது மரணம். டிஸ்டெம்பர் எனப்படும் நோய் நாய்க்கொட்டில்களைச் சூறையாடிய காலம் அது. அம்மைக்குத் தடுப்புமுறை கண்ட எட்வர்ட் ஜென்னரே 1809இல் இந்நோயைப் பற்றி எழுதி, அது வெறிநாய்க்கடி நோயினின்றும் வேறானது என்று பிரித்துக் காட்டினார். மருந்துதான் இல்லை. பருவம் முழுவதும் பழக்கிய குட்டி ஒரே வாரத்தில் செத்துப் போகலாம் என்னும்போது, இரண்டாவது நாய் என்பது காப்பீடு. 'தி ஃபீல்ட்' என்னும் வேட்டை இதழ் 1923இல் இதற்கென நிதி திரட்டத் தொடங்கியது. லெய்ட்லா, டன்கின் என்னும் இரு அறிஞர்கள் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் தடுப்பு மருந்தைக் கண்டார்கள். இரண்டாவது நாய்க்கான பழைய காரணங்களுள் ஒன்று அன்றோடு வலுவிழந்தது.

இதற்கிடையே துப்பாக்கி மாறிவிட்டது. 1851ஆம் ஆண்டின் லண்டன் பெருங்கண்காட்சியில் பிரெஞ்சுக்காரரான லெஃபோஷேயின் பின்திறப்புத் துப்பாக்கியை ஆங்கிலேயர் கண்டனர். நொடிகளில் தோட்டா நிரப்ப முடிந்ததும் வேட்டைக்காரன் நடப்பதை நிறுத்தினான். அவன் ஓரிடத்தில் நிற்க, ஆட்கள் பறவைகளைக் கலைத்து அவன் தலைக்கு மேல் ஓட்டினார்கள். அறுவடை இயந்திரம் அரிதாளை ஒட்ட அறுத்ததால் கவுதாரிக்கு மறைவிடமும் குறைந்தது. தேடிக் காட்டும் நாய்க்கு வேலை சுருங்கி, விழுந்ததைப் பொறுக்கி வரும் ரிட்ரீவருக்கு வேலை பெருகியது. பின்னாளில் ட்வீட்மவுத் பிரபு எனப்பட்ட டட்லி மார்ஜோரிபேங்ஸ், 1868இல் ஸ்காட்லாந்தின் கிசகன் பண்ணையில் நூஸ் என்னும் மஞ்சள் நிற ரிட்ரீவரை பெல் என்னும் ட்வீட் நீர் ஸ்பானியலோடு சேர்த்தார். அதில் பிறந்த நான்கு மஞ்சள் குட்டிகளிடமிருந்தே கோல்டன் ரிட்ரீவர் இனம் கிளைத்தது. கலைத்து எழுப்ப ஒரு நாய், எடுத்து வர ஒரு நாய் என்று தொழிலுக்கொரு நாய் வளர்த்த காலம் அது. அவற்றைப் பழக்கக் கூலிக்குக் காவலர்கள் இருந்தார்கள் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

ஜெர்மனியில் கதை வேறு. 1848ஆம் ஆண்டின் புரட்சி, பிறர் நிலத்தில் பிரபுக்கள் வேட்டையாடி வந்த உரிமையை முறித்து, வேட்டையுரிமையை நிலத்தோடு பிணைத்தது. நகரத்து மருத்துவரும் பள்ளி ஆசிரியரும் வன ஊழியரும் வேட்டைக்கு வந்தனர். கொட்டில் நிறைய நாய்களை வைத்துத் தீனி போட அவர்களால் ஆகாது. எனவே ஒரே நாய் எல்லாம் செய்ய வேண்டியதாயிற்று: வயலில் பறவையைக் காட்ட வேண்டும், நீரில் இறங்கி வாத்தை எடுத்து வர வேண்டும், காயம்பட்ட மானின் இரத்தத் தடத்தைக் காட்டுக்குள் தொடர வேண்டும். ஹேகவால்ட் என்னும் புனைபெயரில் எழுதிய ஸெட்லிட்ஸ் பிரபு இந்தப் பல்தொழில் நாய்க்காக வாழ்நாளெல்லாம் வாதாடினார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியில் பணியாற்றித் திரும்பிய பிரிட்டிஷ் படையினர் இத்தகைய நாய்களைத் தம் நாட்டுக்குக் கொண்டு வந்தனர். பண்ணையும் காவலரும் இல்லாத நடுத்தர வேட்டைக்காரனுக்கு அவை பொருந்திப் போயின.

ஆக, இரண்டு நாய்கள் வேண்டும் என்பதும் ஒன்றே போதும் என்பதும் நாயின் இயல்பிலிருந்து பிறந்த முடிவுகள் அல்ல. நிலம் யாருடையது, துப்பாக்கி எத்தகையது, பழக்குபவன் யார் என்பவற்றிலிருந்து பிறந்தவை. 1980களின் இறுதியில் பிரிட்டனின் பெருநிலத்தில் நாய் உரிமக் கட்டணமே எடுக்கப்பட்டுவிட்டது. இன்று இரண்டாவது நாயைச் சட்டமும் தடுக்கவில்லை, வரியும் தடுக்கவில்லை. அதனால் கேள்வி எளிதாகிவிட்டதா என்றால், இல்லை.

காரணம் காலம். காவலர்கள் செய்த வேலையை இன்று வார நாள்களில் அலுவலகம் செல்லும் ஒருவரே மாலையில் செய்கிறார். ஒரு குட்டி பழகித் தேற இரண்டு ஆண்டுகளாவது பிடிக்கும். ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு குட்டிகளைச் சேர்த்து வாங்கினால், அவை எசமானனைப் பாராமல் ஒன்றையொன்று பார்த்து வளரும். முதல் நாய் முழுதும் பழகுமுன் இரண்டாவதைக் கொணர்ந்தால், அதன் பிழைகளைப் புதியது மனப்பாடம் செய்துவிடும். இன்னும் தாமதித்தாலோ, ஒன்பது பத்து வயதில் முதல் நாய் ஓயும் அன்று கையில் வேறு நாய் இராது. ஆகவேதான் முதல் நாய்க்கு மூன்று நான்கு வயது ஆகும்வரை பொறுத்திருங்கள் என்று அனுபவசாலிகள் சொல்கிறார்கள்.

இந்த அறிவுரைக்குள் ஒரு துயரக் கணக்கும் இருக்கிறது. நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருக்கும் நாயின் முதுமையை இன்றே எண்ணிப் பார்த்தாக வேண்டும். பழைய நாள்களில் இரண்டாவது நாய் முதல் நாயின் இணையாக நின்றது. இன்று அது பெரும்பாலும் வாரிசாகவே வீட்டுக்குள் நுழைகிறது. சில ஆண்டுகள் கழித்து, ஒரு காலைப்பொழுதில் எசமானன் துப்பாக்கியை எடுக்கும் ஓசை கேட்டு இரண்டுமே வாசலுக்கு ஓடி வரும். ஒன்றை மட்டும் அவன் உள்ளே விட்டுக் கதவைச் சாத்த வேண்டியிருக்கும். அதைச் செய்ய மனம் இடம் தருமா என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு முடிவு செய்வதே நேர்மை என்று நமக்குத் தோன்றுகிறது.